சிபி/எம் இயங்குதளம்

சிபி/எம் என்பது அமெரிக்கக் கணினி அறிவியலாளரான கேரி கில்டால் 1974 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஒரு நுண்கணினி இயங்குதளம் ஆகும். இண்டெல் 8080 நுண்செயலிக்காக எழுதப்பட்ட இது, அதனுடன் ஒத்தியங்கும் இண்டெல் 8085, சைலாக் இசட்80 ஆகிய நுண்செயலிகளைக் கொண்ட கணினிகளிலும் பின்னர் பயன்படுத்தப்பட்டது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும், பல்வேறு நிறுவனங்கள் தயாரித்த 8 பிட் வணிகக் கணினிகளுக்குப் பொதுவான இயங்குதளமாக இது விளங்கியது.

ஒரு கணினியின் வன்பொருளுக்கே உரிய நிரற்பகுதியை இயங்குதளத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து தனியே பிரித்து வைத்தது சிபி/எம் இயங்குதளத்தின் முதன்மையான சிறப்பாகும். இதனால் ஒரு நிறுவனத்தின் கணினிக்காக எழுதப்பட்ட மென்பொருள் மற்றொரு நிறுவனத்தின் கணினியிலும் இயங்க முடிந்தது. கணினி தயாரிக்காமல் மென்பொருளை மட்டும் எழுதி விற்கும் தொழில் நுண்கணினி உலகில் வேரூன்ற இது பெரிதும் உதவியது. 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாஸ் இயங்குதளம் முதலிடம் பெற்றதைத் தொடர்ந்து சிபி/எம் படிப்படியாகச் சந்தையை இழந்தது.

## அடிப்படைத் தகவல்கள்

- உருவாக்கியவர்: கேரி கில்டால்
- வெளியிட்ட நிறுவனம்: டிஜிட்டல் ரிசர்ச், பசிபிக் குரோவ், கலிபோர்னியா
- தொடக்கம்: 1974
- எழுதப்பட்ட மொழிகள்: பிஎல்/எம், அசெம்பிளி மொழி
- இயங்கிய நுண்செயலிகள்: இண்டெல் 8080, இண்டெல் 8085, சைலாக் இசட்80
- இடைமுகம்: கட்டளை வரி
- பரவலாகப் பயன்பட்ட பதிப்பு: 2.2

## பெயர்

சிபி/எம் என்னும் சுருக்கம் முதலில் "கண்ட்ரோல் புரோகிராம்/மானிட்டர்" என்பதைக் குறித்தது. பின்னர் "கண்ட்ரோல் புரோகிராம் ஃபார் மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்" என மாற்றி வழங்கப்பட்டது. நுண்கணினிகளுக்கான கட்டுப்பாட்டு நிரல் என்பது இதன் பொருளாகும்.

## பின்னணி

1970களின் தொடக்கத்தில் வணிகப் பணிகளுக்கான கணினிகள் மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளாகவோ, அவற்றைவிடச் சற்றுச் சிறிய மினி கணினிகளாகவோ இருந்தன. வன்பொருளும் இயங்குதளமும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடமிருந்தே வந்தன. ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதப்பட்ட நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் பொதுவாக இயங்குவதில்லை. ஒரு சிறிய கடையோ கணக்காளர் அலுவலகமோ சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்வது எளிதில் இயலாததாக இருந்தது.

1971 ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து வந்த கேரி கில்டால் (1942–1994) இதில் ஆர்வம் கொண்டார். இண்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் பணியாற்றத் தொடங்கிய அவர், 1973 ஆம் ஆண்டில் நுண்செயலிகளுக்கான பிஎல்/எம் என்னும் உயர்நிலை நிரல்மொழியை உருவாக்கினார்.

ஆனால் அம்மொழியின் தொகுப்பி பெரிய கணினிகளில் மட்டுமே இயங்கியது. ஒரு நுண்கணினிக்கு நிரல் எழுத வேண்டுமானால் பெரிய கணினி ஒன்றில் அதனைத் தொகுத்து, விளைவை நுண்கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அக்காலத்தில் நுண்கணினிகளில் நிரல்களைச் சேமிக்கப் பெரும்பாலும் துளையிட்ட காகித நாடா பயன்பட்டது. இது மிகவும் மெதுவானது. நிரல் எழுதும் வேலை முழுவதையும் நுண்கணினியிலேயே செய்ய வேண்டும் என்பது கில்டாலின் விருப்பமாகும். அதற்கு வேகமான சேமிப்புக் கருவி ஒன்றும், அதனை ஆளும் மென்பொருள் ஒன்றும் தேவைப்பட்டன.

## வரலாறு

### தோற்றம்

அக்காலத்தில் புதிதாகப் பரவி வந்த 8 அங்குல நெகிழ்வட்டு இத்தேவைக்குப் பொருந்தியது. சோதனைகளில் பயன்படுத்தித் தேய்ந்த வட்டு இயக்கி ஒன்றைக் கில்டால் சுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்திடமிருந்து பெற்றார். அதனைக் கணினியுடன் இணைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றைத் தாமே அமைக்க முயன்று முடியாமற்போகவே, வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் தமக்கு அறிமுகமான ஜான் டொரோடியின் உதவியை நாடினார். 1974 ஆம் ஆண்டில் டொரோடி அமைத்த சுற்று வேலை செய்தது. பிஎல்/எம் மொழியில் கில்டால் எழுதிய சிபி/எம், அவ்வட்டிலிருந்து கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் தொடங்கியது. பசிபிக் குரோவ் நகரில் இருந்த கில்டாலின் வீட்டுப் பணிக்கூடத்தில் இது நிகழ்ந்தது.

கட்டளைகளின் அமைப்பிலும் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையிலும் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியில் இயங்கிய டாப்ஸ்-10 இயங்குதளத்தின் தாக்கம் சிபி/எம்மில் காணப்படுகிறது. இப்புதிய இயங்குதளத்தில் இண்டெல் நிறுவனம் ஆர்வம் காட்டவில்லை. எனவே அதன் உரிமை கில்டாலிடமே இருந்தது.

1975 ஆம் ஆண்டு சனவரியில் ஆல்டெயர் 8800 கணினி அறிமுகமானதைத் தொடர்ந்து நுண்கணினி ஆர்வலர்களின் எண்ணிக்கை பெருகியது. கில்டால் 1976 ஆம் ஆண்டில் கற்பித்தல் பணியை விட்டு விலகினார். மனைவி டோரதியுடன் சேர்ந்து இண்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்ற பெயரில் சிபி/எம் விற்பனையில் ஈடுபட்டார். நிறுவனத்தின் பெயர் பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கியது. ஆர்வலர்களுக்கான இதழில் விளம்பரம் செய்யப்பட்டு, ஒரு படி 70 டாலர் விலையில் விற்கப்பட்டது.

### பயாஸ் பிரிக்கப்படல்

தொடக்கத்தில் ஒவ்வொரு புதிய கணினிக்கும் ஏற்ப இயங்குதளத்தின் பல இடங்களைத் திருத்த வேண்டியிருந்தது. வட்டு இயக்கிகளும் முனையங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டமையே இதற்குக் காரணம் ஆகும். ஆல்டெயர் கணினியைப் போன்ற ஒன்றைத் தயாரித்த ஐஎம்எஸ்ஏஐ நிறுவனம் தனது நெகிழ்வட்டுக் கணினிக்குச் சிபி/எம் வேண்டும் எனக் கேட்டபோது, இத்திருத்த வேலையை மீண்டும் ஒருமுறை செய்யக் கில்டால் விரும்பவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் யூயிங்குடன் இணைந்து, வன்பொருளைச் சார்ந்த நிரல்வரிகள் அனைத்தையும் ஒரே பகுதியில் திரட்டினார். பயாஸ் எனப் பெயர் பெற்ற அப்பகுதியே இன்றைய கணினிகளில் அறியப்படும் பயாஸ் என்னும் சொல்லுக்கு மூலம் ஆகும்.

இதன் பின்னர், புதிய கணினி ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் சிபி/எம்மின் சிறிய பகுதியான பயாஸை மட்டும் தானே எழுதிக்கொண்டால் போதுமானது. மற்றப் பகுதிகள் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தன.

ஐஎம்எஸ்ஏஐ நிறுவனம் 1977 ஆம் ஆண்டில் சிபி/எம் உரிமத்தை 25,000 டாலருக்கு ஒரே தொகையாகப் பெற்றது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே உரிமைத்தொகை செலுத்த வேண்டாத இவ்வேற்பாடு வாங்கியவர்களுக்கு மிகவும் சாதகமானதாகக் கருதப்பட்டது. இதனைப் பேசி முடித்தவர் அந்நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பில் இருந்த சீமோர் ரூபின்ஸ்டைன் ஆவார். அவரே பின்னர் சிபி/எம்முக்கான மிகப் புகழ்பெற்ற மென்பொருளை வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

### வணிகத் துறையில் பரவல்

1978 ஆம் ஆண்டில் ரூபின்ஸ்டைன் மைக்ரோபுரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் நிரலாளரான ராப் பார்னபி எழுதிய வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலி, கடிதங்களும் அறிக்கைகளும் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் பெருவரவேற்பைப் பெற்றது. வெய்ன் ராட்லிஃப் எழுதி, ஆஷ்டன்-டேட் நிறுவனம் விற்ற டிபேஸ் 2 என்னும் தரவுத்தள மென்பொருள் வாடிக்கையாளர் பட்டியல், சரக்கிருப்பு போன்றவற்றைப் பேணுவதற்குப் பயன்பட்டது. சார்சிம் நிறுவனத்தின் சூப்பர்கால்க் என்னும் விரிதாள் மென்பொருள் 1980 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பேசிக் மொழியும் சிபி/எம்முக்குக் கிடைத்தது.

இந்நிறுவனங்கள் எவையும் கணினி தயாரிக்கவில்லை. சிபி/எம்முக்காக ஒருமுறை நிரல் எழுதினால் பல நிறுவனங்களின் கணினிகளில் அதனை விற்க முடியும் என்பதே இவற்றின் தொழிலுக்கு அடிப்படையாக இருந்தது. வாங்குபவர்களுக்கும் இதனால் நன்மை விளைந்தது. கணினியை மாற்றிய பின்னரும், தாம் பழகிய மென்பொருளையே அவர்களால் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது.

மைக்ரோசாப்ட் 1980 ஆம் ஆண்டில் சாஃப்ட்கார்டு என்னும் இணைப்பு அட்டையை வெளியிட்டது. ஆப்பிள் 2 கணினியில் உள்ள நுண்செயலி சிபி/எம்மை இயக்க வல்லதன்று. இசட்80 நுண்செயலியைக் கொண்ட இவ்வட்டையை அதில் பொருத்தியதும் அக்கணினி சிபி/எம் கணினியாக மாறியது. சிபி/எம் இயங்கிய கணினிகளுள் ஆப்பிள் 2 மிகப் பரவலான ஒன்றாக இது வழிவகுத்தது.

1981 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்னும் தூக்கிச் செல்லத்தக்க கணினி 1,795 டாலர் விலையில் வேர்டுஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் ஆகியவற்றுடன் சேர்த்து விற்கப்பட்டது. 5 அங்குலத் திரையும் ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையும் கொண்ட இக்கணினியை வாங்கிய ஒருவர் வேறு மென்பொருள் வாங்காமலேயே அலுவலக வேலையைத் தொடங்க முடிந்தது. 1982 ஆம் ஆண்டில் கேப்ரோ 2 கணினியும் இவ்வாறே மென்பொருள்களுடன் வெளிவந்தது. 1981 ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள் டிஜிட்டல் ரிசர்ச் விற்ற சிபி/எம் உரிமங்களின் எண்ணிக்கை இரண்டரை இலட்சத்தைக் கடந்திருந்தது.

## கட்டமைப்பு

சிபி/எம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

- சிசிபி: பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் பகுதி. 2.2 பதிப்பில் இதன் அளவு 2 கிலோபைட்டு.
- பிடாஸ்: கோப்புகளைத் திறத்தல், படித்தல், எழுதுதல், அழித்தல் முதலிய பணிகளைச் செய்யும் பகுதி. 2.2 பதிப்பில் இதன் அளவு 3.5 கிலோபைட்டு. எல்லாக் கணினிகளிலும் இப்பகுதி மாறாதது.
- பயாஸ்: விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, வட்டு இயக்கி ஆகியவற்றுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளும் பகுதி. கணினிக்குக் கணினி மாறுபடுவது. 2.2 பதிப்பில் இதற்கு 17 நுழைவாயில்கள் வரையறுக்கப்பட்டிருந்தன.

இண்டெல் 8080 நுண்செயலி நேரடியாக அணுகக்கூடிய நினைவகத்தின் உச்ச அளவு 64 கிலோபைட்டு ஆகும். நினைவகத்தின் முதல் 256 பைட்டுகள் இயங்குதளத்தின் குறிப்புகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதனை அடுத்த இடத்திலிருந்தே பயனரின் நிரல் தொடங்கும். இயங்குதளத்தின் மூன்று பகுதிகளும் நினைவகத்தின் மேல் எல்லையில் அமர்ந்திருந்தன. இதனால் கணினியில் நினைவகம் குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் நிரல் தொடங்கும் இடம் மாறுவதில்லை.

ஒரு நிரல் இயங்குதளத்தின் உதவியைப் பெற விரும்பினால், தேவையான பணியின் எண்ணை நுண்செயலியின் பதிவகம் ஒன்றில் இட்டு, நினைவகத்தின் 5 ஆம் முகவரியை அழைக்கும். அம்முகவரியிலிருந்து கட்டுப்பாடு பிடாஸ் பகுதிக்குச் செல்லும். பிடாஸ் தேவைக்கேற்பப் பயாஸை அழைக்கும். பிடாஸ் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதையோ, வட்டு இயக்கி எந்த நிறுவனத்துடையது என்பதையோ நிரல் அறிய வேண்டியதில்லை.

நினைவகம் மிகவும் அரிதாக இருந்தமையால், பெரிய நிரல்கள் சிசிபி இருக்கும் இடத்தையும் தமக்கென எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. நிரல் முடிந்ததும் சிசிபி மீண்டும் வட்டிலிருந்து ஏற்றப்படும். இக்காரணத்தால் முதல் இயக்கியில் உள்ள வட்டில் இயங்குதளம் எப்பொழுதும் இருக்க வேண்டியிருந்தது.

## பயன்பாடு

கணினியை இயக்கியதும் ஏ> என்னும் குறி திரையில் தோன்றும். ஏ என்பது நடப்பில் உள்ள வட்டு இயக்கியைக் குறிக்கும். இரண்டாம் இயக்கிக்கு மாற வேண்டுமானால் பி: எனத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கோப்பின் பெயரில் உச்ச அளவாக 8 எழுத்துகளும், அதனை அடுத்துப் புள்ளியிட்டு வகையைக் குறிக்கும் 3 எழுத்துகளும் இடம்பெறலாம். கோப்புகளின் பட்டியலைக் காட்டுதல், கோப்பை அழித்தல், பெயர் மாற்றுதல், உரைக்கோப்பைத் திரையில் காட்டுதல் போன்ற சில கட்டளைகள் சிசிபியிலேயே அடங்கியிருந்தன. கோப்புகளைப் படியெடுக்கும் பிப், வட்டில் எஞ்சியுள்ள இடத்தைக் காட்டும் ஸ்டாட், உரைத்திருத்தியான எட் முதலியவை தனி நிரல்களாக வட்டில் இருந்தன. பிப் நிரலில், சேர வேண்டிய இடத்தின் பெயரை முதலிலும் மூலக்கோப்பின் பெயரை இரண்டாவதாகவும் எழுத வேண்டும். புதியவர்களுக்கு இது குழப்பம் விளைவித்தது.

### குறைபாடுகள்

- கோப்பின் அளவு 128 பைட்டு கொண்ட பகுதிகளின் எண்ணிக்கையாகவே பதிவு செய்யப்பட்டது. உரை எங்கே முடிகிறது என்பதைக் காட்டத் தனிக் குறியீடு ஒன்றைக் கோப்பிலேயே இட வேண்டியிருந்தது.
- 2.2 வரையிலான பதிப்புகளில் கோப்பு உருவாக்கப்பட்ட நாளும் நேரமும் பதிவாவதில்லை.
- இயக்கியில் வட்டை மாற்றினால், அதனை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கக் கட்டுப்பாட்டு விசையுடன் சி விசையை அழுத்த வேண்டும். மறந்துவிட்டால் புதிய வட்டில் எழுத இயலாது. நிரல் பிழையுடன் நின்றுவிடும். அதுவரை தட்டச்சு செய்த, சேமிக்கப்படாத வேலை இழக்கப்படுவதும் உண்டு.
- 8 அங்குல வட்டுகளுக்கு ஐபிஎம் நிறுவனத்தின் 3740 வடிவம் பொதுவாக அமைந்திருந்தது. அத்தகைய வட்டு ஒன்றில் கோப்புகளுக்கு ஏறத்தாழ 240 கிலோபைட்டு இடம் கிடைத்தது. ஆனால் பின்னர் வந்த 5.25 அங்குல வட்டுகளுக்கு இத்தகைய பொது வடிவம் ஏதும் இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டது. எனவே ஒரே மென்பொருளைப் பல வடிவ வட்டுகளில் விற்க நேர்ந்தது.

## ஐபிஎம் கணினியும் சிபி/எம்மும்

1978 ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் 8086 என்னும் 16 பிட் நுண்செயலியை வெளியிட்டது. இதற்கான சிபி/எம்-86 என்னும் பதிப்பு எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் வெளிவரவில்லை. 8086 நுண்செயலியைக் கொண்ட கணினி அட்டைகளை விற்று வந்த சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனம், இயங்குதளம் இல்லாமையால் விற்பனை பாதிக்கப்படுவதைக் கண்டது. அங்குப் பணியாற்றிய டிம் பேட்டர்சன் 1980 ஆம் ஆண்டில் கியூடாஸ் என்னும் இயங்குதளத்தைத் தாமே எழுதினார். இது பின்னர் 86-டாஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. சிபி/எம்முக்கு எழுதப்பட்ட 8 பிட் நிரல்களை எளிதில் மாற்றி இயக்க வேண்டும் என்பதற்காக, நிரல்கள் இயங்குதளத்தை அழைக்கும் முறையைச் சிபி/எம்மில் உள்ளவாறே அவர் அமைத்தார்.

அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தனது தனிமேசைக் கணினித் திட்டத்தை இரகசியமாகத் தொடங்கியது. அதன் குழுவினர் முதலில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தை அணுகினர். சாஃப்ட்கார்டு காரணமாக, சிபி/எம்மின் உரிமையும் மைக்ரோசாப்டிடம் உள்ளதாக அவர்கள் கருதியதாகக் கூறப்படுகிறது. பில் கேட்ஸ் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார்.

### பசிபிக் குரோவ் சந்திப்பு

ஐபிஎம் குழு பசிபிக் குரோவுக்கு வந்த நாளன்று கில்டால் தமது சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்ததால் வாய்ப்பை இழந்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. நிகழ்ந்தது இத்துணை எளிமையானதன்று. அன்று காலையில் அவர் விமானத்தில் சென்றது உண்மையே. ஆனால் அது முன்னரே திட்டமிட்டிருந்த வணிகப் பயணம் ஆகும். நிறுவனத்தின் ஒப்பந்தப் பணிகளை வழக்கமாகக் கவனித்து வந்த டோரதி ஐபிஎம் குழுவினரைச் சந்தித்தார். பேச்சைத் தொடங்குமுன் ஒருதலைப்பட்சமான இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுமாறு அவர்கள் கோரினர். வழக்கறிஞரின் கருத்தைக் கேட்ட டோரதி கையெழுத்திடத் தயங்கினார்.

பிற்பகலில் தாம் திரும்பி வந்து பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டதாகக் கில்டால் கூறினார். ஐபிஎம் குழுவில் இருந்த ஜாக் சாம்ஸ் அவரைச் சந்தித்ததாகத் தமக்கு நினைவில்லை என்றார். இம்முரண்பாடு தீரவில்லை. எனினும், அடிப்படையான வேறுபாடு விலை பற்றியதாகும். ஐபிஎம் ஒரே தொகை செலுத்தி உரிமத்தைப் பெறவும், இயங்குதளத்தின் பெயரைத் தன் விருப்பப்படி மாற்றவும் விரும்பியது. டிஜிட்டல் ரிசர்ச் தனது பிற வாடிக்கையாளர்களிடம் பெறுவதைப் போல ஒவ்வொரு படிக்கும் உரிமைத்தொகை எதிர்பார்த்தது. ஐஎம்எஸ்ஏஐ நிறுவனத்துக்கு ஒரே தொகைக்கு உரிமம் அளித்த அனுபவமும் அதற்கு இருந்தது.

### டாஸ் தேர்ந்தெடுக்கப்படல்

ஐபிஎம் மீண்டும் மைக்ரோசாப்டிடம் சென்றது. மைக்ரோசாப்ட் 1980 ஆம் ஆண்டு டிசம்பரில் 86-டாஸ் உரிமத்தை 25,000 டாலருக்குப் பெற்றது. 1981 ஆம் ஆண்டு சூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து அதன் முழு உரிமையையும் வாங்கியது. ஐபிஎம்முக்கு அளித்தபோதும், அதனைப் பிற கணினி நிறுவனங்களுக்கு விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. சிபி/எம் எந்த ஏற்பாட்டினால் வளர்ந்ததோ, அதே ஏற்பாடு இப்பொழுது அதன் போட்டியாளருக்குக் கிடைத்தது.

புதிய இயங்குதளம் சிபி/எம்மை மிகவும் ஒத்திருப்பதைக் கண்ட கில்டால் ஐபிஎம்மிடம் முறையிட்டார். மென்பொருளுக்குரிய காப்புரிமைச் சட்டம் அக்காலத்தில் தெளிவற்றதாக இருந்தது. வழக்குத் தொடுப்பதைக் கைவிட்டால், சிபி/எம்-86 இயங்குதளத்தையும் தன் கணினிக்கு விற்பதாக ஐபிஎம் உடன்பட்டது. கில்டால் இதனை ஏற்றார்.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் தனிமேசைக் கணினி அறிவிக்கப்பட்டது. பிசி-டாஸ் 40 டாலருக்குக் கிடைத்தது. சிபி/எம்-86 ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின்னரே வெளிவந்தது. அதற்கு ஐபிஎம் நிர்ணயித்த விலை 240 டாலர் ஆகும். ஆறு மடங்கு விலை வேறுபாட்டினாலும் தாமதத்தினாலும் பெரும்பாலோர் டாஸ் இயங்குதளத்தையே வாங்கினர். மென்பொருள் நிறுவனங்களும் அதற்கே முதலில் நிரல் எழுதலாயின. 1983 ஆம் ஆண்டில் டிஜிட்டல் ரிசர்ச் தனது சிபி/எம்-86 விலையை 60 டாலராகக் குறைத்தும் நிலைமை மாறவில்லை.

## டாஸ் பற்றிய சர்ச்சை

டாஸ் இயங்குதளம் சிபி/எம்மிலிருந்து நகலெடுக்கப்பட்டதா என்னும் கேள்வி நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. இயக்கிகளுக்கு எழுத்துப் பெயர், 8 மற்றும் 3 எழுத்துக் கோப்புப் பெயர், பணிகளின் எண்கள், உரையைத் திரையில் காட்டும் பணியில் முடிவைக் குறிக்க டாலர் குறி பயன்படுதல் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. வட்டில் கோப்புகள் அடுக்கப்படும் முறை வேறுபட்டது. டாஸ் பயன்படுத்திய கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை முறை மைக்ரோசாப்டின் பேசிக் மென்பொருளிலிருந்து வந்ததாகும். கோப்பின் அளவைத் துல்லியமான பைட்டு எண்ணிக்கையில் பதிவு செய்வதும் டாஸின் மேம்பாடு ஆகும்.

சிபி/எம்மின் கையேட்டைப் பார்த்தே இடைமுகத்தை அமைத்ததாகவும், அதன் மூல நிரலைப் பார்க்கவில்லை என்றும் பேட்டர்சன் கூறினார். 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹெரால்டு எவான்சின் நூல் ஒன்று கில்டாலுக்கு ஆதரவாக எழுதியதை எதிர்த்துப் பேட்டர்சன் 2005 இல் தொடுத்த அவதூறு வழக்கு 2007 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் பாப் சைட்மன் என்னும் மென்பொருள் ஆய்வாளர் இரண்டின் நிரல்களையும் ஒப்பிட்டு, நிரல்வரிகள் நகலெடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என அறிவித்தார். எனவே இடைமுகம் பின்பற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை. நிரல் திருடப்பட்டது என்பது நிறுவப்படவில்லை.

## பிற்காலம்

1983 ஆம் ஆண்டில் வெளிவந்த சிபி/எம் 3, 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிப் பயன்படுத்தும் வசதியையும், கோப்புகளுக்கு நாள் குறிக்கும் வசதியையும் கொண்டிருந்தது. 1985 ஆம் ஆண்டில் அறிமுகமான பிரித்தானியாவின் ஆம்ஸ்டிராட் பிசிடபிள்யூ, அமெரிக்காவின் கமடோர் 128 ஆகிய கணினிகளுடன் இப்பதிப்பு வழங்கப்பட்டது. கிழக்கு செருமனியின் ரோபோட்ரான் கணினிகளில் சிபி/எம்முடன் ஒத்தியங்கும் எஸ்சிபி என்னும் இயங்குதளம் பயன்பட்டது.

டிஜிட்டல் ரிசர்ச் 1988 ஆம் ஆண்டில் டிஆர்-டாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டு, மைக்ரோசாப்டின் டாஸ் இயங்குதளத்துடன் நேரடியாகப் போட்டியிட்டது. 1991 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை நாவல் நிறுவனம் வாங்கியது. கேரி கில்டால் 1994 சூலை 11 அன்று தமது 52 ஆம் வயதில் மாண்டரேயில் காலமானார்.

2014 ஏப்ரலில் பசிபிக் குரோவில் டிஜிட்டல் ரிசர்ச்சின் முன்னாள் தலைமையகத்தில், மின் மற்றும் மின்னணுப் பொறியாளர் கழகம் நினைவுப் பலகை ஒன்றை நிறுவியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம்மின் தொடக்ககால மூல நிரல்களை வெளியிட்டது. 2022 ஆம் ஆண்டில் இதன் உரிமையைப் பெற்றிருந்த பிரையன் ஸ்பார்க்ஸ், சிபி/எம்மை எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதி வழங்கினார்.

## முக்கியப் பதிப்புகள்

- 1974: முதல் வடிவம்
- 1977: சிபி/எம் 1.3, ஐஎம்எஸ்ஏஐ நிறுவனத்துக்கு உரிமம் அளிக்கப்பட்டது
- 1978: சிபி/எம் 1.4
- 1979: சிபி/எம் 2.0, பல பயனர்களுக்கான எம்பி/எம்
- 1981: சிபி/எம்-86
- 1983: சிபி/எம் 3

## தாக்கம்

விண்டோஸ் இயங்குதளத்தில் முதல் வன்தட்டு சி: என்னும் எழுத்தைப் பெறுவது, ஏ: மற்றும் பி: ஆகியவை நெகிழ்வட்டு இயக்கிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சிபி/எம் மற்றும் டாஸ் மரபின் எச்சம் ஆகும். விண்டோசில் "கான்" என்னும் மூன்றெழுத்து ஆங்கிலப் பெயரில் கோப்பு உருவாக்க இயலாமைக்கும் இதே மரபே காரணம். சிபி/எம்மில் அப்பெயர் விசைப்பலகையையும் திரையையும் சேர்த்துக் குறித்தது.

இவற்றினும் முக்கியமானது, வன்பொருளையும் மென்பொருளையும் பிரித்து நிறுத்திய அமைப்பே ஆகும். ஒரே இயங்குதளம் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்கலாம், அதற்கான மென்பொருளை வேறு பலர் எழுதி விற்கலாம் என்பதைச் சிறு வணிகக் கணினிகளில் பேரளவில் நடைமுறைப்படுத்திக் காட்டியது சிபி/எம் ஆகும். பின்னர் டாஸ், விண்டோஸ் ஆகியவை இதே வழியில் வளர்ந்தன.

## இவற்றையும் பார்க்க

- கேரி கில்டால்
- எம்எஸ்-டாஸ்
- பயாஸ்
- ஐபிஎம் தனிமேசைக் கணினி
- வேர்டுஸ்டார்
- இயங்குதளம்